தீட்டுக்கு முன்னால் மூச்சிரைப்பு

கேள்வி: சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆஸ்துமா. இப்போது 41 வயது. மாதாமாதம் தீட்டு வர இரண்டு மூன்று நாள் இருக்கும்போது பம்ப் அடித்தும் இரைப்பு அடங்கவில்லை. ஹார்மோனா, இல்லை ஆலைப் புகையா?
- ஒரு வாசகி, மேர்பேங்க், டர்பன்

பதில்: தென் டர்பன் காற்றை நான் நல்லது என்று சொல்லமாட்டேன், ஆனால் புகைக்குக் காலண்டர் தெரியாதே சகோதரி! நாள் தப்பாமல் வருகிறது என்றால் என் சந்தேகம் ஹார்மோன் மேல்தான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கு நுரையீரலிலும் வேலை உண்டு, தீட்டுக்கு முன் அதுவும் இன்னொரு பெண் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனும் மளமளவென்று இறங்கும்போது சில பெண்களுக்கு மூச்சுக்குழாய் அழற்சி கூடலாம். பாருங்கள், பருவம் வரும்வரை ஆஸ்துமா பையன்களிடம்தான் அதிகம், அப்புறம் பெண்களிடம் அதிகமாகிவிடுகிறது. அதற்காக ஈஸ்ட்ரோஜனை வில்லனாக்கவும் முடியாது, கர்ப்பத்தில் அது எகிறினாலும் சிலருக்கு இரைப்பு குறைகிறது, சிலருக்குக் கூடுகிறது.

சரி, மூன்று மாதம் தீட்டுத் தேதியையும் காலை மாலை ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ (எவ்வளவு வேகமாக மூச்சை வெளியே ஊதமுடிகிறது என்ற) அளவையும் ஒரே நோட்டில் எழுதி கிளினிக்கில் காட்டுங்கள். இரைப்பு வராமலிருக்கத் தினமும் எடுக்கும் தடுப்பு பம்பை ஒருநாளும் விடாதீர்கள். கருத்தடை மாத்திரை எடுத்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பேசமுடியாமல் திணறினால் நோட்டை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.