பழைய ஃபியட் 500 வாங்குவதானால் முந்திய மொடலா, பிந்திய மொடலா?

கேள்வியைக் கேட்டவர் இப்படி எழுதியிருக்கிறார்: “1957 முதல் 1975 வரை வந்த ஃபியட் 500களில், கதவு முன்பக்கமாகத் திறக்கும் பழைய மொடல்களுக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். கடைசியாக வந்த ஆர் மொடலை, மலிவாகச் செய்து கெடுத்த கார் என்கிறார்கள். இரண்டுக்கும் உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசம் இருக்கிறதா?”

நான் சிசிலியில், பலெர்மோ நகரத்தில் ஒரு சின்னக் கராஜில் பதினொரு வருசமாக வேலை செய்கிறேன். எங்களிடம் வரும் பழைய கார்களில் பாதிக்கு மேல் இதுதான். இங்கே யாரும் ஃபியட் என்று சொல்வதில்லை, ஐந்நூறு என்ற பொருளில் ‘சின்குவெச்சென்தோ’ என்பார்கள். என் முதலாளியிடம் 1963ஆம் ஆண்டு டி மொடல் ஒன்று நிற்கிறது. என்னிடம் 1974ஆம் ஆண்டு ஆர். இரண்டையும் கடைசி ஆணி வரை கழற்றிப் பூட்டியிருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: வைத்துப் பார்க்க முந்தியது வடிவு. ஏறி ஓட பிந்தியது. ஆர் மொடலைப் பற்றி ஊர் பேசும் பேச்சில் நியாயம் இல்லை.

முதலில், ‘அசல்’ என்று எல்லோரும் கும்பிடுகிற அந்த 1957 கார் எப்படி இருந்தது என்று பாருங்கள். யூலை 4ஆம் திகதி தூரினில் வெளியிட்டார்கள். வடிவமைத்தவர் டான்டே ஜாகோசா. 1936இல் வந்த, தொப்போலீனோ என்று செல்லமாக அழைத்த பழைய 500ஐயும் அவர்தான் செய்தார். அதனால் இதற்கு ‘நுவோவா 500’, புதிய 500 என்று பெயர் வைத்தார்கள். நீளம் மூன்று மீற்றருக்கும் குறைவு. பின்னால் 479 சி.சி. எஞ்சின், இரண்டு சிலிண்டர், காற்றால் குளிர்வது, 13 குதிரைவலு. மணிக்கு 85 கிலோமீற்றரோடு சரி. பின்னால் ஒழுங்கான ஆசனம் இல்லை, மெத்தை போட்ட ஒரு தட்டுத்தான். கதவுக் கண்ணாடி கீழே இறங்காது, முன்மூலையில் இருக்கும் சின்ன முக்கோணக் கண்ணாடியை மட்டும் திருப்பலாம். சிசிலியின் ஓகஸ்ட் வெயிலில் அப்படி ஒரு பெட்டிக்குள் இருந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

விலை 490,000 லிரா. இன்னும் கொஞ்சம் காசு சேர்த்தால் நாலு பேர் இருக்கக்கூடிய ஃபியட் 600 வாங்கலாம் என்ற நிலையில் சனம் இதைத் திரும்பியும் பார்க்கவில்லை. சில மாதங்களுக்குள் ஃபியட் தானே இறங்கி வந்தது. எஞ்சினை 15 குதிரைவலுவுக்கு ஏற்றினார்கள், கண்ணாடியை இறக்கி ஏற்றக்கூடியதாக்கினார்கள், முதலில் வாங்கியவர்களுக்கு 25,000 லிராவைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆகவே, கலப்படமில்லாத முதல் மொடல் என்று இன்று சேகரிப்பவர்கள் தேடி அலைவது, அந்தக் காலத்தில் வாங்கியவர்களே வேண்டாம் என்று சொன்ன கார். எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் அதற்குப் பிறகு செய்த ஒவ்வொரு மாற்றமும், அதில் ஏறி இருந்து கஷ்டப்பட்ட யாரோ ஒருவர் சொன்ன குறைக்குக் கிடைத்த பதில் என்பதையும் மறக்கக் கூடாது.

1960இல் வந்த டி மொடலில்தான் இது முழுக் காராக நிமிர்ந்தது என்பது என் எண்ணம். எஞ்சின் 499.5 சி.சி., 17.5 குதிரைவலு. வேகம் 95 வரை போகும். பெற்றோல் தாங்கியின் உருவத்தை மாற்றியதால் முன்மூடிக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி வைக்க இடம் கிடைத்தது. பின்னாசனத்தின் முதுகு மடியும். முதல் மொடலில் துணிக்கூரை எஞ்சின் மூடி வரைக்கும் சுருண்டு போகும், பின்கண்ணாடியும் அந்தத் துணியில் தைத்த பிளாஸ்ரிக்தான். வழக்கமான டியில் துணி தலைக்கு மேல் உள்ள பாகத்தோடு நின்றது, அதற்குப் பின்னால் இரும்பும் நிஜக் கண்ணாடியும் வந்தன.

ஆனால் கதவு பழைய மாதிரியே இருந்தது. இனி அந்தக் கதவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

இத்தாலியர் இதைக் ‘கொன்த்ரவென்தோ’ என்பார்கள், காற்றுக்கு எதிர் என்று பொருள். கீல் பின்தூணில், பூட்டு முன்பக்கத்தில். ஏறுவதற்கு இதைவிட வசதியான கதவு கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்து எங்களோடு மூன்று மாதம் நின்றபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி தன்னுடைய டியில் எங்களைச் சாந்தா ரொசாலியா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். பலெர்மோவில் இருக்கும் தமிழருக்கு அந்தக் கோயிலைத் தெரியாமல் இருக்காது. மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் ஒரு குகைக்குள் இருக்கிறது, வேதக்காரர் சைவக்காரர் என்றில்லாமல் எல்லோரும் போவோம். அம்மா சேலை உடுத்திக்கொண்டு வந்தா. முழங்காலுக்கு முன்னால் கதவும் தூணும் மறிக்காததால், ஆசனத்தில் முதலில் இருந்து, பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே எடுத்தா. சேலை எங்கும் மாட்டவில்லை. “நல்ல கதவு தம்பி, எங்கட ஊர்க் காரெல்லாம் ஏன் இப்பிடிச் செய்யேல்லை?” என்று கேட்டா.

துறைமுகத்துப் பக்கம் அகன்ற தெருவில் மூன்றாம் கியரில் போய்க்கொண்டிருந்தோம். கடற்காற்று வலப்பக்கமாக அடித்தது. பூட்டின் நாக்கு தேய்ந்து போயிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. அம்மாவின் பக்கத்துக் கதவு ‘டக்’ என்று ஒரு விரற்கடை விலகியது. சாதாரணக் கதவென்றால் ஓடுகிற வேகமே அதை அமர்த்திப் பிடிக்கும். இது அப்படியில்லை. அந்த ஒரு விரற்கடை இடைவெளிக்குள் காற்றுப் புகுந்து, கதவை யாரோ பிடித்து இழுத்த மாதிரி முழுக்க விரித்துவிட்டது. முதலாளி ஒரு கையால் ஸ்ரியரிங்கையும் மற்றக் கையால் அம்மாவின் தோளையும் பிடித்தபடியே காரை ஓரம் கட்டினார். பின்னால் இருந்த நான் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தேன். அந்தக் காரில் ஆசனப்பட்டி கிடையாது. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் முதலாளியின் முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை. திங்கட்கிழமை காலையே இரண்டு பூட்டுகளையும் கழற்றினோம், நாக்கைப் புதிதாகச் செய்தோம். இன்றைக்கும் அந்தக் காரை எடுக்க முன் கதவுகளை இரண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்.

1965இல் எஃப் மொடல் வந்தபோது கதவின் கீலை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். கதவோடு சேர்த்து அந்தக் காரின் அழகையும் கழற்றி எடுத்துவிட்டார்கள் என்று சொல்பவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். அவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது மேலே சொன்ன கதைதான்.

எஃப்பைத் தூரத்தில் பார்த்தால் டி போலவே இருக்கும். கிட்டப் போனால் உடம்பில் பெரும்பகுதி வேறு. முன்கண்ணாடி பெரிது, கூரையின் வளைவு வேறு, ஆகவே டியின் தகடு எஃப்புக்குப் பொருந்தாது. கிளச்சையும், சில்லுக்குப் போகும் அச்சுகளையும் பலப்படுத்தினார்கள். அதிகம் செய்யப்பட்டதும் எஃப்தான், அதனால் உதிரிப்பாகம் தேடுவதும் இதற்குத்தான் சுகம். 1968இல் வந்த எல், ‘லுஸ்ஸோ’, அதாவது சொகுசு மொடல். ஓடும் பாகமெல்லாம் எஃப்தான். பம்பருக்கு மேல் வளைந்த குழாய், கறுப்பு டாஷ்போட், பெற்றோல் அளவு காட்டும் முள்ளோடு நீட்டுச் சதுர மீற்றர், கீழே கம்பளம், சாயும் ஆசனம். அலங்காரம் பிடித்தவர்களுக்கு நல்லது.

இனி ஆர். ‘ரின்னோவாத்தா’, புதுப்பிக்கப்பட்டது என்று பெயர். 1972இல், அதே வருசம் வந்த ஃபியட் 126க்குத் துணையாக, மலிவு விலையில் விற்க வைத்திருந்த கார். அதனால் சில விசயங்களில் கையைச் சுருக்கினார்கள் என்பது உண்மை. எல்லில் இருந்த பெற்றோல் முள் இதில் இல்லை, மினுக்கமான வெள்ளிப் பட்டிகள் இல்லை, சில்லுக்கு மூடி இல்லை. பார்ப்பவர்கள் இதை எண்ணிவிட்டுப் போய்விடுகிறார்கள். பின்மூடியைத் திறந்து பார்ப்பதில்லை.

உள்ளே இருப்பது 126இன் 594 சி.சி. எஞ்சின். வேண்டுமென்றே அடக்கி, 18 குதிரைவலுவில் நிறுத்தியிருக்கிறார்கள். எஃப்பிலும் 18தானே, என்ன லாபம் என்று கேட்பீர்கள். எஃப் அந்த வலுவைக் கத்திக் கொடுக்கும், ஆர் குறைந்த சுழற்சியிலேயே கொடுக்கும். நிதானமாக இழுக்கும், எஞ்சினுக்குச் சிரமம் இல்லை, 100 வரையும் போகும். பெல்லெக்ரீனோ மலையில் முதலாளியின் டி மூன்று பேரோடு இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும் வளைவுகளில், என் ஆர் மூன்றாம் கியரில் போகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அதில்தான் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். ஏறும்போது சேலை கதவில் இரண்டு தடவை மாட்டியது. வழியில் ஒன்றும் நடக்கவில்லை.

ஆர் மொடலில் எனக்கே உள்ள ஒரு மனக்குறை கியர்ப்பெட்டி. 1957இலிருந்து 1975 வரை இந்தக் காரின் கியருக்குச் சின்க்ரோ, அதாவது கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தைத் தானே ஒத்துவரச் செய்யும் பாகம், கிடையாது. 126க்கு மேல் மூன்று கியருக்கும் கொடுத்தார்கள், எஞ்சினை வாங்கிய ஆருக்கு அந்தப் பெட்டியைக் கொடுக்கவில்லை. அதனால் எந்த மொடலை வாங்கினாலும் ‘டொப்பியெத்தா’ பழக வேண்டும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது கிளச்சை மிதித்து, கியரை நடுவில் விட்டு, கிளச்சை விடுங்கள். அக்ஸிலேற்றரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளச்சை மிதித்து இரண்டில் போடுங்கள். தட்டு சரியாக விழுந்தால் கியர் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போகும், சத்தமே கேட்காது. பிழைத்தால் பல் அரைபடுவது உள்ளங்கையில் தெரியும். எனக்குப் பிடிபட இரண்டு கிழமை எடுத்தது.

ஆரை நான் விட்டுக்கொடுக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைசி 500, 1975 ஓகஸ்ட் 4ஆம் திகதி வெளியே வந்தது தூரினில் அல்ல, பலெர்மோவிலிருந்து நாற்பது கிலோமீற்றருக்குள் இருக்கும் தெர்மினி இமெரெசே தொழிற்சாலையில். 1970இல் திறந்த அந்தத் தொழிற்சாலையை 2011இல் ஃபியட் மூடிவிட்டது. அங்கே வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் எங்கள் கராஜுக்கு வருவார்கள். ஒருவர் என் காரின் கதவைத் திறந்து, தூணில் தகடுகள் சேரும் ஒட்டை விரலால் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். கண்ணெதிரே அவர் அப்படி நிற்கும்போது, அவர்கள் கைபட்ட காரை மட்டமான கார் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போது வாங்குவதைப் பற்றி. அடிக்கடி ஓடுவதானால் ஆர், அல்லது எஃப். கையில் காசும், மழைபடாத கொட்டிலும், நல்ல பூட்டுக்காரரும் இருந்தால் டி. முதல் மொடல், காட்சிக்கு வைக்கத் தெரிந்தவர்களுக்கு.

பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு ஸ்க்ரூட்ரைவரோடு போங்கள். மிதிகளுக்குக் கீழே உள்ள தரைத்தகடு, முன்னால் பற்றறி வைக்கும் இடம், ஜாக் வைக்கும் இடம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித்தகடு, இவ்வளவையும் பிடிப்பக்கத்தால் தட்டுங்கள். ‘டங்’ என்றால் இரும்பு. ‘தொப்’ என்றால் உள்ளே துருவும் பசையும்.

எஞ்சினில் அடித்திருக்கும் இலக்கத்தை வாசியுங்கள். டிக்கு 110 டி, எஃப்புக்கு 110 எஃப், ஆருக்கு 126 ஏ5 என்று தொடங்கும். எங்களிடம் ஒருவர் எஃப் என்று நம்பி நல்ல விலைக்கு வாங்கி வந்த காருக்குள் பிந்திய 126இன் 650 சி.சி. எஞ்சின் இருந்தது. ஓடுவதற்கு அருமையாக ஓடியது. ஆனால் பத்திரத்தில் உள்ளதும் காரில் உள்ளதும் வேறு வேறு. விற்றவர் அதைச் சொல்லவேயில்லை.

கடைசியாக, குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை உங்கள் கண்முன்னால் ஸ்ரார்ட் செய்யச் சொல்லுங்கள். திறப்பைத் திருப்பினால் மட்டும் இது கிளம்பாது. இரண்டு ஆசனங்களுக்கு நடுவில் தரையில் இரண்டு சின்ன நெம்புகள் இருக்கும், ஒன்று சோக், மற்றது ஸ்ரார்ட்டர். ஸ்ரார்ட்டரை இழுத்துக் கிளம்பிய பிறகு பத்து நிமிடம் ஓடிவிட்டு, ஹீற்றரைத் திறந்து மணந்து பாருங்கள். எஞ்சினைக் குளிர்வித்து வரும் காற்றைத்தான் அது உள்ளே அனுப்புகிறது. எரிந்த ஒயில் மணம் வந்தால், வால்வுகளைத் தள்ளும் தண்டுகள் போகும் குழாய்களின் றப்பர் கசிகிறதா என்று கீழே குனிந்து பாருங்கள். அது மட்டும்தான் என்றால் பயப்பட வேண்டாம், றப்பர் மலிவு. விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டு வாங்குங்கள்.