ஃபாஸ் ஆற்றங்கரையில் ஒரு புது வீடு – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கிலாந்தின் யார்க் நகரில் செவிலியராக வேலை பார்க்கிறேன். ஐந்து ஆண்டுகளாக வாடகை வீடு. சேர்த்து வைத்த பணத்தில், ஃபாஸ் ஆற்றை ஒட்டி எழும்பும் ஒரு புதிய குடியிருப்பில் வீடு வாங்கலாம் என்று நானும் கணவரும் நினைக்கிறோம். மாதிரி வீட்டைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் உடன் வேலை செய்பவர்கள், "இவ்வளவு அழகான பழைய ஊரில் இருந்துகொண்டு இந்த அட்டைப்பெட்டியையா வாங்குகிறீர்கள்?" என்கிறார்கள். அது மனதை உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பதிவுப் பணம் கட்டினால் சமையலறைச் சாமான்கள் இலவசம் என்று விற்பனை அலுவலகத்தில் சொல்கிறார்கள். 2015 வெள்ளத்தில் முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததிலிருந்து அம்மாவுக்கு ஆறு என்றாலே பயம். என்ன செய்யலாம்?

வாசகி, யார்க்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் தோழிகளை விட்டுவிட்டு அம்மாவின் பேச்சைக் கேளுங்கள்.

யார்க்கில் புது வீடு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கி.பி. 71இல் ரோமானியர்கள் கோட்டை கட்டிய நாளிலிருந்து அங்கே ஒருவர் கட்டியதன் மேல் இன்னொருவர் கட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கும் ஹங்கேட் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1901இல் சீபோம் ரவுன்ட்ரீ யார்க் ஏழைகளின் நிலையை வீடு வீடாகக் கணக்கெடுத்து வெளியிட்டபோது, அது மனிதர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த சேரி. அவருடைய தந்தை ஜோசப் ரவுன்ட்ரீ, சாக்லேட் தொழிற்சாலை முதலாளி, ஊருக்கு வடக்கே நியூ இயர்ஸ்விக் கிராமத்தைக் கட்டத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். வெளிச்சமும் தோட்டமும் உள்ள வீடு உழைப்பவர்களுக்கும் வேண்டும் என்று அவர் நினைத்தார். அந்த வீடுகளும் ஒருநாள் புது வீடுகளாகத்தான் இருந்தன. இரவுப் பணி முடிந்து திரும்பும் ஒரு செவிலியருக்குக் குளிர் புகாத சுவரும் ஒழுகாத கூரையும் வேண்டும். அதை அட்டைப்பெட்டி என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

நான் கவலைப்படுவது மண்ணைப் பற்றி. வீடு புதியது, மண் புதியதல்ல.

1976 முதல் 1981 வரை காப்பர்கேட்டில் தோண்டியபோது வைக்கிங் காலத்துத் தோல் செருப்புகளும் மரச் சுவர்களும் ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் மட்காமல் கிடைத்தன. காரணம், அந்த மண்ணின் ஈரம். காற்றே புகாத அளவுக்கு நீர் ஊறிய மண். ஊஸ், ஃபாஸ் என்ற இரண்டு ஆறுகளும் கூடும் இடத்தில் அமர்ந்த ஊர் அது. அகழாய்வாளருக்கு அந்த ஈரம் வரம். வீடு வாங்குபவருக்கு அது எச்சரிக்கை.

2000 நவம்பரில் ஊஸ் ஆறு வழக்கமான மட்டத்தைவிட 5.4 மீட்டர் உயர்ந்தது. 2015 டிசம்பரில் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. ஊஸ் பெருகும்போது அதன் நீர் ஃபாஸுக்குள் ஏறாமலிருக்க, 1987இல் ஒரு தடுப்புக் கதவு கட்டினார்கள். கதவை மூடிவிட்டு, ஃபாஸில் வரும் நீரைப் பம்புகளால் ஊஸுக்குள் இறைப்பார்கள். அந்த கிறிஸ்துமஸ் வாரத்தில் பம்பு நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. வேறு வழியின்றிக் கதவைத் தூக்க வேண்டியதாயிற்று. கதவு காக்கும் என்று நம்பியிருந்த நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் வெள்ளம் போனது. பிறகு அந்த நிலையத்தைப் பலப்படுத்தி, பம்புகளின் திறனையும் கூட்டியிருக்கிறார்கள். ஆனாலும் முடிச்சூரில் உங்கள் அம்மா பட்ட அதே டிசம்பர் மாதத்தில்தான், நீங்கள் வீடு பார்க்கும் அதே ஆற்றங்கரையிலும் மக்கள் ஈரப் பாயைத் தெருவில் போட்டார்கள். அம்மாவின் பயத்தைப் பழைய நினைவு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

விற்பனை அலுவலகம் இதை உங்களிடம் சொல்லியிருக்காது. பிரிட்டனில் வெள்ள அபாயமுள்ள வீடுகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் காப்பீடு கிடைக்க ஃப்ளட் ரீ என்ற ஏற்பாடு 2016 முதல் இருக்கிறது. 2009 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ கட்டிய வீடுகளுக்கு அது பொருந்தாது. வெள்ளச் சமவெளியில் மேலும் மேலும் கட்டுவதை ஊக்குவிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள். நியாயமான எண்ணம்தான். ஆனால் அதன் சுமை கட்டியவர் தலையில் விழவில்லை, வாங்குபவர் தலையில் விழுகிறது. ஒரே தெருவில் நூறு வயதுப் பழைய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு, உங்கள் புது வீட்டுக்கு இல்லை. காப்பீடு கட்டாயம் கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. தரைமட்டத்தை உயர்த்திக் கட்டியிருந்தால் நல்ல விலைக்கே கிடைக்கலாம். ஒப்பந்தம் பரிமாறுவதற்கு முன்பே, அதாவது விற்பனை இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் கட்டத்துக்கு முன்பே, இரண்டு மூன்று நிறுவனங்களிடம் எழுத்தில் விலை கேட்டு வாங்கிவிடுங்கள். காப்பீடு இல்லாமல் வங்கி கடன் தராது. பரிமாறிவிட்டுப் பின்வாங்கினால், அப்போது முன்பணமாக வழக்கமாகக் கட்டும் பத்து சதவீதமும் போய்விடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடுக்குமாடி வீடென்றால் பெரும்பாலும் லீஸ்ஹோல்டாகத்தான் இருக்கும், அதாவது நிலம் வேறொருவருடையது, நீண்ட காலக் குத்தகைதான் உங்களுடையது. 2022 ஜூன் 30 முதல் எழுதும் புதிய லீஸுகளில் நிலத்துக்காகக் கட்டும் நிலவாடகை பெயரளவுக்குத்தான். பராமரிப்புக் கட்டணம் அப்படியில்லை, அது ஏறிக்கொண்டே போகும். கடந்த ஆண்டுகளின் கணக்கு இருந்தால் கேளுங்கள். தனி வீடு, நிலமும் நமக்கே சொந்தமான ஃப்ரீஹோல்டு என்றாலும் தப்பிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். நாங்கள் வாங்கிய வீடு ஃப்ரீஹோல்டுதான். சாலையை நகராட்சி ஏற்றுக்கொள்ளும் என்றார்கள். ஏழு ஆண்டுகள் ஏற்கவில்லை. அதுவரை தெருவிளக்குக்கும் புல்வெளிக்கும் ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் பணம் கட்டினோம், நகராட்சி வரியும் கட்டினோம். சாலை எப்போது, எந்த ஒப்பந்தத்தின்படி நகராட்சிக்குப் போகும் என்பதை, பத்திர வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞரான உங்கள் சொலிசிட்டர் எழுத்தில் வாங்கித் தர வேண்டும். அந்த சொலிசிட்டர் கட்டுநர் பரிந்துரைத்தவராக இருக்கவே கூடாது.

பத்தாண்டு உத்தரவாதத்தில் பொதுவாக முதல் இரண்டு ஆண்டுகளில்தான் கட்டியவரே குறைகளைச் சரிசெய்வார். மீதி எட்டும் பெரிய கட்டுமானக் குறைகளுக்கு மட்டும். எங்கள் குளியலறைக் குழாய் மூன்றாம் ஆண்டில் கசிந்தது. செலவு எங்களுடையதாயிற்று. சாவி வாங்குமுன் ஸ்னாகிங், அதாவது புது வீட்டின் குறைகளைத் தேடிப் பட்டியலிடும் வேலை, பார்க்கும் ஆள் ஒருவரை உங்கள் செலவில் அனுப்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கெடுவுக்குப் பயப்படாதீர்கள். கட்டுநர் புதிய வீடுகளுக்கான தர விதிமுறையில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். பதிவு செய்தவர் என்றால், முன்பதிவு செய்த பிறகும் 14 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாம். இலவச அடுப்புக்காக ஒரு வீட்டை முடிவு செய்ய வேண்டாம்.

நாலு நாள் விடாமல் மழை பெய்த பிறகு, விடுமுறை நாளில் கணவரையும் கூட்டிக்கொண்டு கிங்ஸ் ஸ்டெய்த் படித்துறைக்குப் போங்கள். அங்குள்ள கிங்ஸ் ஆம்ஸ் மதுக்கூடத்தின் சுவரில் ஒவ்வொரு வெள்ளமும் ஏறிய உயரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு ஃபாஸ் கரை வழியாக உங்கள் மனைக்கு நடங்கள். பக்கத்துப் பழைய தெருவில் கதவைத் தட்டி, 2015இல் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று கேளுங்கள். அந்தப் படியையும் புது வீட்டின் வாசற்படியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு அம்மாவுக்கு போன் செய்யுங்கள்.

அன்புடன்,
அக்கா