தொற்றுக் காலத்தில் வீட்டில் அடைபட்டவர்களின் மன உளைச்சலுக்கு ஆன்லைன் மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு உதவுமா?

மைண்ட்ஃபுல்னஸ் என்பது, இப்போது மனதிலும் உடம்பிலும் நடப்பதை மாற்றப் பார்க்காமல் கவனிக்கும் பயிற்சி. அது உதவும், ஓரளவுக்கு. அந்த ஓரளவு கிடைப்பதும் ஆப்பில் எத்தனை ஆடியோ இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. "நேத்து செஞ்சீங்களா, எந்த இடத்துல கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்க எதிர்முனையில் ஒரு ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இணையவழி மைண்ட்ஃபுல்னஸ் பற்றிய 15 சோதனைகளைத் தொகுத்து 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. அதில் மன அழுத்தம் நடுத்தர அளவிலும், மனச்சோர்வும் பதற்றமும் சிறிய அளவிலும் குறைந்தன. வழிகாட்டி இருந்த வகுப்புகளில் மன அழுத்தம் இன்னும் நன்றாகக் குறைந்தது.

நீங்கள் கோயம்புத்தூரில், அம்மா அப்பா எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில். 2020-ல் மாநில எல்லையில் வாளையாறு செக்போஸ்ட்டில் பாஸ் இல்லாதவர்கள் நின்றதுபோல் மறுபடி ஒரு நிலை வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்து வாங்க ஆளில்லை, கூலி வேலை நின்றுவிட்டது என்பதெல்லாம் கவலைக்குக் காரணமாக இருந்தால் முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். பசியோடு இருப்பவரிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்வது சரியில்லை. அதெல்லாம் ஒழுங்கான பிறகும் நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, ஓயாத யோசனை தொடர்ந்தால் அங்கேதான் இந்தப் பயிற்சிக்கு வேலை.

ஜான் கபட்-ஜின் 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய எம்பிஎஸ்ஆர் என்ற மன அழுத்தக் குறைப்புப் பயிற்சிதான் பெரும்பாலான வகுப்புகளுக்கு மூலம். எட்டு வாரம், வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேரம், வீட்டில் தினமும் 45 நிமிடம், நடுவில் ஒரு முழுநாள் மௌனம். 14 நாள் தனிமையில், இரண்டு அறை வீட்டில், இது அப்படியே நடக்காது. காலையில் 10 நிமிடம், இரவில் 10 நிமிடம், வாரம் ஒருமுறை குழுவாக 35 நிமிடம் என்று சுருக்கிய வகுப்பைத் தேடுங்கள். இல்லையென்றால் நீங்களே தினமும் ஒரு நேரம் வைத்து அம்மா அப்பாவுக்கு போன் பண்ணிக் கேளுங்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சுதான் பயிற்சி பாதியில் நிற்காமல் காப்பாற்றும்.

முதல் வாரத்துக்கு ஒரே ஒரு பயிற்சி போதும், மூன்று நிமிடம்தான். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதித்துக்கொள்ள வேண்டும். முதல் நிமிடம், இப்போது மனதில் என்ன ஓடுகிறது, உடம்பில் எங்கே இறுக்கம் என்று பார்க்க வேண்டும். "பயமா இருக்கு, தோள் இறுகியிருக்கு" என்று உள்ளுக்குள் பெயர் சொன்னால் போதும், மாற்றப் பார்க்க வேண்டாம். இரண்டாவது நிமிடம் மூச்சு போய் வரும் இடத்தில், அடிவயிற்றில், கவனம். மூன்றாவது நிமிடம் கவனத்தை உடம்பு முழுக்க விரிக்க வேண்டும். மனம் நூறு தடவை ஓடும். ஓடியது தெரிந்ததும் திரும்பக் கொண்டுவருவதுதான் பயிற்சியே.

பெரிதாகத் தப்பு நடப்பது மூச்சில். காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்து மீண்டவருக்கு மூச்சைக் கவனிக்கச் சொன்னால் "இது குறையுதோ" என்று சோதிக்க ஆரம்பித்துவிடுவார், படபடப்பு ஏறும். அவருக்கு மூச்சே வேண்டாம். பாதம் தரையில் படுவதையோ, வெளியே கேட்கும் சத்தத்தையோ பிடித்துக்கொள்ளட்டும். கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பனைமட்டையில் உரசும் சத்தம் இருக்கிறதே, அது நல்ல பிடிமானம். பழைய அதிர்ச்சி உள்ளவர்கள் கண்ணை மூடாமல் ஒரு பொருளைப் பார்த்தபடியே செய்யலாம். செய்யச் செய்ய பயம் கூடினால் நிறுத்திவிடுங்கள், பல்லைக் கடித்துத் தொடர வேண்டாம்.

இடது கால் விரலில் தொடங்கி உடம்பு முழுக்கக் கவனம் செலுத்தும் பாடி ஸ்கேனைப் படுத்துச் செய்தால் தூங்கிவிடுவார்கள். இரவில் அது நல்லதுதான், பகலில் உட்கார்ந்து செய்யட்டும். "அமைதி வரலையே" என்று இரண்டாம் வாரம் விட்டுவிடுபவர்கள் நிறைய. அமைதியை வரவழைப்பது இதில் குறிக்கோளே இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மொழியையும் லேசாக விடாதீர்கள். கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு மலையாளம் நன்றாகப் புரியும். ஆனாலும் வீட்டில் தமிழ் பேசுபவர் மனசுக்குள் நடப்பதைத் தமிழில்தான் லேசாகச் சொல்வார். ஆடியோவை உங்கள் குரலிலேயே பதிவு செய்து அனுப்பலாம்: 64 கேபிபிஎஸ்ஸில் 20 நிமிடம் 10 எம்பிக்குள் அடங்கும், சிக்னல் இல்லாதபோதும் ஓடும். குழு வகுப்பென்றால், ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டிக்கும். மௌனத்தின் நடுவில் அறுந்தால் பதற்றம்தான் மிச்சம், 35-ல் முடித்துவிடுங்கள்.

தொடங்கும்போதும் நான்கு வாரம் கழித்தும் மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளை நிரப்பச் சொல்லுங்கள். ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். 10-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு "சில நாள்" என்று பதில் வந்தால்கூட வகுப்பை ஓரமாக வைத்துவிட்டு 14416-க்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு, அன்றைக்கே பேசுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழைத் தேர்வு செய்யலாம். கேரளத்தில் திஷா என்ற சுகாதார உதவி எண் 1056-ம் உண்டு. அவர்கள் ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள் என்றால், வகுப்பில் சேர்ந்ததற்காக அதை ஒருநாளும் தாங்களாக நிறுத்தக் கூடாது.