இலை விரித்ததும் எடுக்க ஓடும் ஸ்கிரிப்ட்

கேள்வி: அலுவலக லினக்ஸ் கணினியின் ஒரு கோப்புறையில் ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்புகள் வந்து விழுகின்றன. ஐந்து வினாடிக்கு ஒருமுறை பட்டியலெடுத்து, புதியவற்றை வேறிடத்துக்கு நகர்த்தும் ஷெல் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். சில கோப்புகள் பாதியிலேயே அறுந்துவிடுகின்றன. ஏன்?

பதில்: உங்கள் ஸ்கிரிப்டுக்கு அவசரம் அதிகம். ஸ்கேனர் எழுதத் தொடங்கியதுமே கோப்பின் பெயர் பட்டியலில் ஏறிவிடும். எழுதி முடிக்க இன்னும் நேரமாகும். இலை விரித்ததைப் பார்த்ததும் பந்தி முடிந்தது என்று எண்ணி எடுக்க வருவதைப் போன்றதுதான் இது. இடைவெளியைப் பத்து வினாடியாக்கினாலும் பயனில்லை, பெரிய கோப்பு எப்போதாவது மாட்டிக்கொள்ளும்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 2005-இல், 2.6.13 பதிப்பிலேயே, ஐநோட்டிஃபை என்ற வசதி சேர்ந்துவிட்டது. கோப்புறையில் நடப்பதைக் கெர்னலே சொல்லும். நாம் போய்ப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. ஐநோட்டிஃபை-டூல்ஸ் தொகுப்பை நிறுவினால் ஐநோட்டிஃபைவெயிட் என்ற கட்டளை கிடைக்கும். அதை 'மைனஸ் எம்' சேர்த்து இயக்குங்கள். இல்லையென்றால் முதல் நிகழ்வோடு நின்றுவிடும். அது தரும் பெயர்களை பைப் வழியாக, ஒவ்வொரு வரியாகப் படிக்கும் ஒரு வைல்-ரீட் சுழலுக்குள் அனுப்புங்கள். கோப்புப் பெயர் வரும் மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். பெயரில் இடைவெளி விடும் பழக்கம் எல்லா அலுவலகத்திலும் உண்டு.

எந்த நிகழ்வுக்குக் காத்திருப்பது என்பதில்தான் சூட்சுமம். பலரும் கோப்பு உருவானதும் வரும் கிரியேட் நிகழ்வைப் பிடித்துக்கொண்டு பழைய தவற்றையே இன்னும் வேகமாகச் செய்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது க்ளோஸ்-ரைட்: எழுதத் திறந்த கோப்பு மூடப்பட்டதும் வருவது. கூடவே, கோப்பு நகர்ந்து வந்தாலோ புதுப் பெயர் பெற்றாலோ வரும் மூவ்ட்-டூ நிகழ்வையும் கேளுங்கள். ஆர்சிங்க் போன்ற நகலெடுக்கும் கருவிகள் புள்ளியில் தொடங்கும் தற்காலிகப் பெயரில் எழுதி, முடித்த பிறகே உண்மையான பெயரைச் சூட்டுகின்றன. அதனால் புள்ளியில் தொடங்கும் பெயர்களைத் தாண்டிவிடுங்கள்.

ஸ்கிரிப்ட் ஓடாத நேரத்தில் வந்த கோப்புகளுக்கு நிகழ்வு எதுவும் வராது. கண்காணிப்பைத் தொடங்கியபின், ஏற்கெனவே கிடப்பவற்றை ஒருமுறை துழாவுங்கள். அந்தத் துழாவலிலும் அதே அவசரம் கூடாது: ஃபைண்ட் கட்டளையின் எம்மின் விருப்பத்தால், ஒரு நிமிடமாவது மாறாமல் கிடக்கும் கோப்புகளை மட்டும் எடுங்கள்.

இன்னொன்று. அந்தக் கோப்புறை வேறு கணினியிலிருந்து, வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாக இணைக்கப்பட்டதா? அப்படியானால் மறுபக்கத்தில் எழுதப்படுவது உங்கள் கெர்னலுக்குத் தெரியாது. வட்டு எந்தக் கணினியில் இருக்கிறதோ அங்கேயே ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால், மேலே சொன்ன ஃபைண்ட் தேடலையே நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்ட வேண்டியதுதான்.