செலவு குறைந்த பனிச்சறுக்கு விடுமுறைக்குப் போஸ்னியாவின் யாஹோரினா

ஜெர்மனியில் பணிபுரிவதாகவும், இரண்டு பிள்ளைகளோடு குடும்பமாக ஒரு வாரம் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள விரும்புவதாகவும், ஆனால் ஆல்ப்ஸ் மலை ஊர்களின் விலை கட்டுப்படியாகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதிகம் பேசப்படாத மலை ஊர் ஏதேனும் உண்டா, அதற்கு எப்படித் திட்டமிடுவது என்பது உங்கள் கேள்வி. மூன்று குளிர்காலங்களுக்கு முன் இதே கேள்வியோடு நானும் என் மனைவியும் பல இரவுகள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கடைசியில் நாங்கள் போன இடம், போஸ்னியாவின் தலைநகரான சரயேவோவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் யாஹோரினா. சென்ற ஆண்டு மீண்டும் போய்வந்தோம். முதல் முறை செய்த தவறுகளையும் இரண்டாம் முறை அவற்றைத் திருத்திக்கொண்ட விதத்தையும் வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில், ஆல்ப்ஸில் எதற்காக அவ்வளவு பணம் கொடுக்கிறோம் என்று பார்ப்போம். பிரான்சின் 'மூன்று பள்ளத்தாக்குகள்' பகுதியில் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளத்துக்குச் சறுக்குத்தடங்கள் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கின்றன. பெரிய ஊர்களில் மலைமேல் ஏற்றிச்செல்லும் லிஃப்டுகளுக்கான ஒரு நாள் சீட்டு (லிஃப்ட் பாஸ்) 70 யூரோவைத் தாண்டுகிறது என்றால், அந்தப் பரப்பு முழுவதற்கும் சேர்த்துத்தான் அந்த விலை. ஆனால் முதன்முதலாகச் சறுக்கக் கற்கும் ஒரு குடும்பம் அந்த வாரத்தில் உண்மையில் புழங்கப்போவது, பிள்ளைகளுக்கான தாழ்ந்த சரிவு ஒன்றிலும் நீல நிறக் குறியிட்ட இரண்டு மூன்று எளிய தடங்களிலும் மட்டுமே. போகாத 590 கிலோமீட்டருக்கு நாம் ஏன் பணம் கட்ட வேண்டும்? யாஹோரினாவின் தடங்கள் மொத்தமாகவே ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவு. பாஸ் விலையும் ஏறத்தாழ ஆல்ப்ஸின் பெரிய ஊர்களில் பாதிதான். மலை சிறியது என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்கள். உங்களுக்கு இப்போது அதுவே வசதி.

சிறியது என்பதற்காக அதை ஏதோ குன்று என்று நினைத்துவிட வேண்டாம். 1984 பிப்ரவரியில் சரயேவோவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், பெண்களுக்கான மலைச்சறுக்குப் போட்டிகள் அனைத்தும் இந்த யாஹோரினாவில்தான் நடந்தன. சுவிட்சர்லாந்தின் மிக்கேலா ஃபிகினி பதினேழு வயதில், உச்சியிலிருந்து அதிவேகமாகக் கீழிறங்கும் டவுன்ஹில் போட்டியின் தங்கப்பதக்கத்தை வென்றது இந்தச் சரிவில்தான். மலையின் உச்சியான ஒகோர்யெலிட்சா 1,916 மீட்டர் உயரம். சறுக்குத்தடங்கள் ஏறத்தாழ 1,300 மீட்டரில் தொடங்கி உச்சிக்குச் சற்றுக் கீழே வரை ஏறிச் செல்கின்றன. எங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியர், பத்து வயதுச் சிறுவனாகத் தந்தையின் தோளில் ஏறி நின்று அந்தப் போட்டிகளைப் பார்த்தவர். எந்த வளைவில் யார் விழுந்தார்கள் என்று லிஃப்ட் நாற்காலியில் மேலே போகும்போதே அவர் கைகாட்டிச் சொன்னதை என் மகன் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

விமானச் சீட்டு வாங்கும் முன் விசாவைப் பாருங்கள். போஸ்னியா ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, எல்லைச் சோதனையின்றிப் பயணிக்கும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியிலும் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஜெர்மனியின் செல்லுபடியாகும் வசிப்பு அனுமதி அட்டையோ, பலமுறை நுழையும் ஷெங்கன் விசாவோ வைத்திருந்தால், தனி விசா இல்லாமல் 30 நாள் வரை போய்வர முடிகிறது. இருந்தாலும் பெர்லினில் உள்ள போஸ்னியத் தூதரகத்தில் ஒருமுறை எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்து அவர்களையும் அழைத்துப் போக நினைத்தால் கூடுதல் கவனம் தேவை: அவர்களிடம் ஒருமுறை மட்டுமே நுழையக்கூடிய ஷெங்கன் விசா இருந்தால், போஸ்னியாவுக்குள் கால் வைத்த பிறகு ஜெர்மனிக்குத் திரும்பி வர முடியாது.

எப்போது போவது என்பதில்தான் பணம் மிச்சமாகிறது. கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை செர்பியாவிலிருந்து பெருங்கூட்டம் வரும். ஜனவரி 7 அன்று வரும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துமஸும் அதையொட்டிய விடுமுறைகளுமே காரணம். அந்த நாட்களில் அறை வாடகை ஏறிவிடும், லிஃப்ட் வரிசையும் நீளும். டிசம்பரில் இவ்வளவு உயரத்தில் பனி போதுமான அளவுக்கு விழுந்திருக்கும் என்று உறுதியாக நம்பவும் முடியாது. செயற்கைப் பனியை வைத்துச் சில தடங்களை மட்டும் திறப்பார்கள். ஜனவரியின் கடைசி வாரமும் மார்ச்சின் முதல் வாரமும் என் கணக்கில் சிறந்தவை. மார்ச்சில் பிற்பகலுக்குமேல் பனி இளகிக் கனத்துவிடும் என்பதால், காலையில் சீக்கிரம் தொடங்கி இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

தங்குமிடத்தில் நாங்கள் முதல் முறை தவறு செய்தோம். மலையடிவாரத்துச் சிறு நகரமான பாலேயில் வாடகை குறைவு என்று அங்கே ஒரு வீடு எடுத்தோம். ஒவ்வொரு காலையும் பிள்ளைகளை எழுப்பி, கனமான பூட்ஸோடும் சறுக்குக் கட்டைகளோடும் வண்டியில் ஏற்றி, பனி மூடிய வளைவுச் சாலையில் மேலே கொண்டு சேர்ப்பதற்குள் பாதி உற்சாகம் வடிந்துவிடும். மதியம் சின்னவளுக்குத் தூக்கம் வந்தாலும் வீட்டுக்குத் திரும்ப வழியில்லை. இரண்டாம் முறை மேலேயே, லிஃப்டுக்கு நடந்து போகும் தூரத்தில், சமையலறையோடு கூடிய சிறு குடியிருப்பை எடுத்தோம். வாடகை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அரிசி, பருப்பு, சாம்பார்ப்பொடி எடுத்துப் போய் இரவு உணவை வீட்டிலேயே முடித்ததில் அந்த வித்தியாசம் சரியாகிவிட்டது.

வாடகைக் கடையில் அவசரப்படாதீர்கள் என்பதை மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஒரு வாரம் முழுவதும் இனிதாகக் கழிவதும் கழியாததும் பூட்ஸைப் பொறுத்தே இருக்கிறது. பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து அதற்கேற்பக் கொடுப்பார்கள். போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றால் பெருவிரல் நுனி முன்சுவரை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை முன்னே மடித்து, கணைக்காலால் பூட்ஸின் நாக்கை அழுத்தும்போது விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் மேலே எழும்பக் கூடாது. உள்ளே ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறைதான். குளிருமே என்று பரிந்து என் மகளுக்கு இரண்டு கம்பளி உறைகளை மாட்டிவிட்டேன். இறுக்கத்தில் இரத்த ஓட்டம் குறைந்து, அரை மணி நேரத்தில் கால் மரத்துப்போய்ப் பனியில் உட்கார்ந்து அழுதாள். உறை ஒன்றைக் கழற்றியதும் சரியானது. அதேபோல் கடைக்காரர் உடல் எடையைக் கேட்டால் கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள்; விழும்போது கட்டை காலிலிருந்து கழன்றுகொள்ளும் பூட்டை, எடை, உயரம், வயது, திறமை ஆகியவற்றை வைத்தே முறுக்கி வைக்கிறார்கள். எடையைக் கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்கால் திருகிக்கொள்ளும்.

பனியுடைகளை மலையில் வாங்காதீர்கள். ஜெர்மனியின் தள்ளுபடி அங்காடிகளில் குளிர்காலம் தொடங்கும் முன்பே பிள்ளைகளுக்கான உடைகள் மலிவாக வந்துவிடும். வளரும் பிள்ளைகளுக்கு அக்கம்பக்கத்தில் இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது.

இப்படி மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதியை ஆசிரியருக்குக் கொடுங்கள். காணொளி பார்த்துக் கற்றுவிடலாம் என்று நானும் நினைத்தேன். முதல் நாள் தனியாக முயன்று, பயத்தில் உடலைப் பின்னே சாய்த்துச் சாய்த்து விழுந்துகொண்டே இருந்தேன். மறுநாள் ஆசிரியர் வந்து, கட்டைகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகற்றி, எடையை முன்னே கொண்டுவரச் சொன்னார். சரிவைக் கண்டு பின்வாங்கினால்தான் வேகம் கூடும், முன்னே சாய்ந்தால்தான் கட்டை சொன்னபடி கேட்கும் என்பது மூளைக்குப் புரிந்தாலும் உடலுக்குப் புரிய இரண்டு மணி நேரம் ஆனது. ஆல்ப்ஸில் குழுவோடு சேர்ந்து கற்கும் கட்டணத்துக்கு அருகிலேயே, இங்கே எங்கள் நான்கு பேருக்கு மட்டுமாக ஓர் ஆசிரியர் கிடைத்தார். முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் போதும். மீதி நேரம் கற்றதைச் செய்து பார்ப்பதற்கு.

ஓர் எச்சரிக்கையை மட்டும் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 1992 முதல் 1995 வரை நடந்த போரில் சரயேவோவைச் சுற்றியுள்ள மலைகளில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. எல்லாம் இன்னும் அகற்றப்படவில்லை. திறந்திருக்கும் தடங்களில் ஆபத்து இல்லை. ஆனால் தடத்தை விட்டு விலகிக் காட்டுக்குள் சறுக்குவது, புதுப்பனியைக் கண்டு ஆசைப்பட்டுக் குறுக்கே இறங்குவது ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் அங்கேயே நின்று, வந்த வழியே திரும்புங்கள்.

சைவ உணவுக்காரர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. மடிப்பு மடிப்பாக மாவை மெல்லியதாக இழுத்துச் சுருட்டிச் சுடும் பலகாரத்தில் இறைச்சி வைத்ததை மட்டுமே இங்கே புரெக் என்பார்கள். கீரை வைத்தது ஸெல்யானிட்சா, பாலாடைக்கட்டி வைத்தது சிர்னிட்சா, உருளைக்கிழங்கு வைத்தது க்ரொம்பிருஷா. க்ரொம்பிருஷாவில் மிளகு தாராளமாக இருக்கும். கட்டையைக் கழற்றிவிட்டுச் சூடாகத் தயிரோடு சாப்பிட்டபோது நம் வீட்டுப் பலகாரம் போலவே இருந்தது.

பணம் மாற்றுவது எளிது: போஸ்னிய மார்க்கின் மதிப்பு யூரோவுக்கு 1.95583 என்று நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது, ஆகவே விலையைப் பாதியாக்கினால் யூரோக் கணக்கு வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இலவச ரோமிங் இங்கே செல்லாது. எல்லை தாண்டியதும் கைப்பேசியின் இணையத்தை அணைத்துவிட்டு உள்ளூர் சிம் வாங்குங்கள். பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு விபத்தும் மலை மீட்புச் செலவும் அடங்குமா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பேருந்தில் மேலே போக நினைத்தால், பாலே வண்டிகளில் பெரும்பாலானவை சரயேவோ நகரின் முதன்மை நிலையத்திலிருந்து அல்ல, லுகாவிட்சாவில் உள்ள கிழக்குச் சரயேவோ நிலையத்திலிருந்து புறப்படுகின்றன.

கடைசியாக மூடுபனி. சரயேவோ நகரம் மலைகள் சூழ்ந்த கிண்ணத்தில் இருப்பதால், குளிர்காலத்தில் குளிர்ந்த காற்று புகையோடு அடியில் தங்கிவிடும். மலைமேல் பளிச்சென்று வெயில் அடிக்கும். கீழே பள்ளத்தாக்கு பால் ஊற்றியதுபோல் மூடிக் கிடக்கும். உச்சியிலிருந்து பார்க்க அழகான அந்தக் காட்சியால்தான் முதல் முறை எங்கள் காலை விமானம் ரத்தானது. ஒரு நாள் கழித்துத்தான் வீடு வந்து சேர்ந்தோம், பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமைப் பள்ளி போனது. ஆகவே இரண்டாம் முறை வெள்ளியன்றே மலையை விட்டு இறங்கி, ஒரு நாளைச் சரயேவோவுக்கு ஒதுக்கினோம். பழைய கடைவீதியான பாஷ்சார்ஷியாவில் காப்பி குடித்து, 2018 இல் மீண்டும் திறக்கப்பட்ட கம்பிவட ஊர்தியில் ட்ரெபெவிச் மலைக்கு ஏறி, ஒலிம்பிக்குக்காகக் கட்டிப் பின் கைவிடப்பட்ட பாப்ஸ்லெட் (பனிச்சறுக்கு வண்டிப் பந்தய) தடத்தின்மேல் பிள்ளைகளை நடக்கவிட்டோம். திரும்பும் விமானத்தைச் சனிக்கிழமை நண்பகலுக்கு எடுத்திருந்தோம். ஒருவேளை தாமதமானாலும் ஞாயிறு கையில் இருந்தது.