ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தேன், வீட்டோடு நிற்கிறேன்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு 44 வயது. திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு கிராமம், சி.எஸ்.ஐ. சபை. கல்லூரி நாட்களில் வாலிபர் முகாம் ஒன்றில் கர்த்தருடைய ஊழியத்துக்கு என்னை ஒப்புக்கொடுத்தேன். மிஷனெரியாக வடக்கே போக வேண்டும் என்று ஆசை. அதற்குள் கல்யாணம் பேசினார்கள். சரி, குடும்பமாகப் போகலாம் என்று நினைத்தேன், நடக்கவில்லை. பள்ளியில் ஆசிரியை வேலை, ஞாயிறு அன்று ஓய்வுநாள் பள்ளி என்று இருந்தேன். அதில் ஓரளவு நிறைவு கிடைத்தது.

மாமா இறந்தபின் அத்தைக்கு மறதி நோய் என்று தெரிந்தது. வேலையை விட்டேன். இப்போது குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது என்று பொழுது போகிறது. சாயங்காலம் ஆனால் "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று வாசலில் போய் நிற்பார்கள். ராத்திரி தூங்குவதில்லை, என்னையும் தூங்கவிடுவதில்லை. தன் வளையலை நான் எடுத்துவிட்டதாக அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். கணவர் நல்லவர்தான், ஆனால் கடை பூட்டி வரப் பத்து மணி ஆகிவிடும். நாத்தனார் பெங்களூரிலிருந்து போன் போட்டு, "அம்மாவை நல்லா பாத்துக்கோங்க அண்ணி" என்பாள். மகன் பிளஸ் டூ படிக்கிறான்.

போன மாதம் என்னோடு அந்த முகாமில் இருந்த தோழி எங்கள் சபைக்கு வந்து மிஷனெரியாகச் சாட்சி சொன்னாள். என்னால் உட்கார முடியவில்லை, அழுதுகொண்டே வெளியே வந்துவிட்டேன். கர்த்தருக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேனா? என் வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் இருந்து, அதைத் தவறவிட்டேனா? சில நேரம் அத்தை சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் நல்லது என்றுகூடத் தோன்றுகிறது. அப்படித் தோன்றிய பிறகு ஜெபிக்க வாய் வரவில்லை. போதகர் ஐயாவிடம் அழுதேன். "குடும்பத்தைப் பார்ப்பதும் ஊழியம்தானே அம்மா" என்றார். மனம் அதை ஏற்க மாட்டேன் என்கிறது.

– ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரிக்கு,

"சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் நல்லது" என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசிவிடுவோம். மறதி நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்க்கும் பலருக்கு இந்த எண்ணம் வருகிறது, வெளியே சொல்வோர் குறைவு. அத்தையின் மேல் வெறுப்பு இருப்பதால் வருவதில்லை. தூக்கமில்லாத உடம்பு ஓய்வு கேட்கிறது, அவ்வளவுதான். அதற்காக ஜெபத்தை விட்டு ஒதுங்க வேண்டாம். தீர்க்கதரிசி எலியாவும் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டவர்தான். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அழைப்பைப் பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பிறகு, ஓரேப் மலையில்தான்.

அந்த வரிசையிலேயே நாமும் போவோம். தூக்கம் போனது, அழுகை, எதிலும் அர்த்தமில்லை என்ற நினைப்பு. இவையெல்லாம் சேர்ந்து இருப்பதால் மனச்சோர்வு நோயா என்று மருத்துவரிடம் பார்த்துவிடுவது அவசியம். மாத்திரை தேவைப்பட்டால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அத்தையையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி, இவையெல்லாம் ராத்திரிக் குழப்பத்தைக் கூட்டும். பகலில் நெடுநேரம் தூங்கவிடாமல் கொஞ்சம் நடக்க வையுங்கள். சாயங்காலத்தில் குழப்பம் அதிகமாவது இந்த நோயில் பலருக்கும் உண்டு. இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள். "இதுதான் உங்க வீடு" என்று வாதாடாமல், அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். வளையல் விஷயமும் அப்படித்தான். எங்கே வைத்தோம் என்ற நினைவு அழிந்துபோகிறது, அந்த இடத்தை மனம் ஏதோ ஒரு கதையால் நிரப்புகிறது. பக்கத்தில் எப்போதும் இருப்பவர் நீங்கள், அதனால் பழி உங்கள் மேல் விழுகிறது. பெயர்கள் மறந்த பிறகும் பழைய பாட்டுகள் பலருக்கு நெடுநாள் நிற்கும். சிறுவயதில் பாடிய கீர்த்தனையை நீங்கள் தொடங்கினால் அத்தை முடித்துவைக்கவும் கூடும்.

இனி அழைப்பு. 1903லேயே இந்திய மிஷனெரி சங்கம் பிறந்த மண் நம் நெல்லை. புறப்பட்டுப் போகிறவர்களை மேடையேற்றி அனுப்பும் நல்ல வழக்கம் நமக்கு உண்டு. வீட்டில் இருந்துவிட்டவர்களுக்கு அப்படி ஒரு மேடை இல்லை. உங்கள் அழுகையில் அந்தக் குறையும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

டோனாவூர் உங்களுக்குத் தெரிந்த ஊராகவே இருக்கும். அங்கே வாழ்ந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்தது சுவிசேஷம் சொல்லத்தான். பெண்கள் குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். 1901இல் கோயிலுக்கென்று விடப்படவிருந்த ஒரு சிறுமி தப்பி வந்து அவரிடம் சேர்ந்தாள், பிறகு இன்னும் பல பிள்ளைகள். கைக்குழந்தைகளை விட்டுவிட்டு ஊர் சுற்ற முடியுமா? வந்த வேலையை விட்டுத் தாதியாக உட்காருவது சரிதானா என்ற கேள்வி அவருக்கும் வந்தது. இயேசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவியதில்தான் அவருக்குப் பதில் கிடைத்தது. பிள்ளைகள் அவரை "அம்மா" என்றே கூப்பிட்டார்கள். 1951இல் அங்கேயே இறந்தார்.

வாக்கை மீறினேனா என்று கேட்டீர்கள். மாற்கு 7ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு கண்டிக்கிறார். தேவனுக்குக் கொடுத்த வாக்கைக் காட்டி வீட்டுக் கடமையை விட அவர் இடம் கொடுக்கவில்லை. ஆகையால் நீங்கள் எதையும் மீறவில்லை என்பதே என் உறுதியான எண்ணம்.

போதகர் ஐயா சொன்னதும் உண்மைதான். ஆனால் கூடப் பங்கெடுக்க ஆள் இல்லாதவரிடம் அதைச் சொன்னால், "நீயே பார்த்துக்கொள்" என்றுதான் காதில் விழும். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் 5:4இல் விதவைகளை விசாரிக்கும்படி பவுல் சொல்வது பிள்ளைகளிடமும் பேரன் பேத்திகளிடமும். அந்த வசனத்தில் மருமகளின் பெயர் இல்லை. உங்கள் கணவர், நாத்தனார், மகன் மூவருக்கும் இது பொருந்தும். மோசேயிடம் அவருடைய மாமனார் எத்திரோ சொன்னதும் நினைவிருக்கட்டும்: "நீர் ஒருவராய் அதைச் செய்ய உம்மாலே கூடாது."

எனவே கணவரோடு ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். வாரத்தில் இரண்டு ராத்திரி அவர் அம்மாவோடு படுக்கட்டும், நீங்கள் வேறு அறையில் தூங்குங்கள். பகலில் சில மணி நேரத்துக்காவது ஓர் உதவியாளர் வேண்டும், அந்தச் செலவில் பங்கு தரும்படி நாத்தனாரிடம் உங்கள் கணவரே கேட்கட்டும். அதை நீங்கள் கேட்கக் கூடாது. ஞாயிறு ஆராதனை நேரத்தில் முறை வைத்து ஒருவர் அத்தையோடு இருக்க முடியுமா என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கேளுங்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் செவிலியரிடமும் விவரம் சொல்லி வையுங்கள்.

பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசை இன்னும் உங்களிடம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அதை அடக்க வேண்டியதில்லை. ஓய்வுநாள் பள்ளிக்குத் திரும்புவதா, வேலைக்கே போவதா என்பதைத் தூக்கம் சரியான பிறகு முடிவு செய்யலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், அதைப் பற்றி அப்போது விரிவாகப் பேசுவோம்.