பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: கேள்வி-பதில்

கேள்வி: விருந்துக்கு வரும் குழந்தைக்குப் பால் அலர்ஜி. லாக்டோஸ் நீக்கிய பால் இரண்டு லிட்டர் வாங்கிவிட்டேன். போதும்தானே?

பதில்: அது ஆகாது. லாக்டோஸ் பாலில் உள்ள சர்க்கரை. அலர்ஜி புரதத்தால் வருவது. புரதம் அந்தப் பாலில் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு லிட்டரையும் நீங்களே குடித்துத் தீருங்கள்.

கேள்வி: அப்படியானால் காபிக்கு 'நான்-டெய்ரி', அதாவது 'பால் சேராதது' என்று போட்ட பவுடர் வாங்கலாமா?

பதில்: வாங்கி அவமானப்பட்டவன் சொல்கிறேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'நான்-டெய்ரி' என்றிருந்ததை நம்பினேன். விருந்தன்று நண்பரின் பத்து வயது மகள் டப்பாவைத் திருப்பி, விரல் வைத்துப் படித்தாள்: சோடியம் கேசினேட். "அங்கிள், இது பால்ல இருந்து வர்றது." முன்பக்கம் விற்பதற்காக எழுதியது, பின்பக்கம் சட்டத்துக்குப் பயந்து எழுதியது. அந்தப் பின்பக்கத்திலும் எனக்கு ஒரு தீராத எரிச்சல் உண்டு: 'கடலை கலந்திருக்கலாம்' என்ற வரி. பல நாடுகளில் அதை அச்சிட வேண்டிய கட்டாயமே இல்லை. ஆகவே அந்த வரி இல்லாத பாக்கெட்டில் கடலை கலக்கவில்லை என்று நம்பிவிட முடியாது. தயாரிப்பாளரைத்தான் கேட்க வேண்டும். வெளிநாட்டுப் பாக்கெட் என்றால் இன்னும் கவனம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அலர்ஜி தரும் 14 வகைகளைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும், அமெரிக்காவில் 9தான். எள் அங்கே சேர்ந்ததே 2023இல்.

கேள்வி: எல்லாவற்றையும் டப்பாக்களில் கொட்டிவிட்டு உறைகளை எறிந்துவிட்டேன். விருந்தாளி உறையைக் கேட்கிறார்.

பதில்: குப்பைக்கூடையில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் புதிதாக வாங்குங்கள்.

கேள்வி: கடலை பொரித்த எண்ணெயிலேயே மற்றதையும் பொரிக்கலாமா? அந்தச் சூட்டில் எல்லாம் போய்விடாதா?

பதில்: போகாது. புது எண்ணெய், நன்றாகக் கழுவிய சட்டி, தனிக் கரண்டி. இதைப் போன மாதமும் எழுதினேன்.

கேள்வி: முந்திரி கூடாது என்று சொல்லித்தான் சமையல்காரரிடம் சாப்பாடு வாங்கினோம். அரைத்து ஊற்றியிருக்கிறார்கள். என் தங்கை ஆஸ்பத்திரியில் ஒரு இரவு இருந்தாள். இப்போது "நீங்கள் சொல்லவே இல்லை" என்கிறார்கள்.

பதில்: தங்கை நலமாக வீடு திரும்பினாரா? அதுதான் முதலில். தப்பு உங்களுடையது இல்லை, சொல்லித்தானே வாங்கினீர்கள். மிச்சமிருக்கும் சாப்பாட்டை மூடி, தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். ரசீது, டாக்டர் சீட்டு, பேசிய நாளின் மெசேஜ் எல்லாவற்றையும் சேர்த்து உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். சமையல்காரர் சமாதானம் பேச வந்தாலும் எதையும் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள், நகல் மட்டும் காட்டுங்கள்.